50,000 வீடுகளா, பசுமை வளையமா? அரசைப் பின்வாங்க வைத்த ஒன்டாரியோ மக்கள்!

வீட்டு விலையும் வாடகையும் எகிறிக்கிடக்கும் ஊரில், 'புதிதாக 50,000 வீடுகள் வரப்போகின்றன' என்று அரசு அறிவித்தால் மக்கள் கைதட்டத்தானே செய்வார்கள்? கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்ததோ வேறு.

தமிழர்கள் அதிகம் வாழும் டொரன்டோ, மார்க்கம் பகுதிகளைச் சுற்றி சுமார் 20 லட்சம் ஏக்கரில் விரிந்திருக்கிறது 'கிரீன்பெல்ட்'. விளைநிலங்களையும் காடுகளையும் நீர்நிலைகளையும் நகரம் விழுங்கிவிடக் கூடாது என்று 2005-ல் சட்டம் போட்டுப் பாதுகாத்த பசுமை வளையம் இது.

'கிரீன்பெல்ட்டைத் தொட மாட்டோம்' என்று 2018 தேர்தலுக்கு முன்பு வாக்குக் கொடுத்தவர் டக் ஃபோர்ட். மாகாண முதல்வரான அவரது அரசுதான் 2022 நவம்பரில், 15 இடங்களில் சுமார் 7,400 ஏக்கரைப் பாதுகாப்பிலிருந்து நீக்கப்போவதாக அறிவித்தது. ஈடாக வேறு இடங்களில் 9,400 ஏக்கரைச் சேர்ப்பதாகவும் சொன்னது.

நீக்கப்பட்டதில் பாதிக்கும் மேற்பட்ட நிலம், பிக்கரிங் நகரில் உள்ள டஃபின்ஸ் ரூஜ் வேளாண் காப்பு நிலம். அதை ஒட்டியே இருக்கிறது ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா. விளைநிலத்தில் ஒருமுறை கான்கிரீட் விழுந்துவிட்டால் பழைய மண் திரும்பாது. வேறு இடத்தில் அதே அளவு நிலத்தைச் சேர்த்தாலும், இந்த வயலுக்கும் பூங்காவுக்கும் இடையே அறுந்த தொடர்பு அறுந்ததுதான்.

விவசாயிகள், சூழல் ஆர்வலர்கள், பூர்வகுடித் தலைவர்கள் எனப் பலரும் எதிர்த்தார்கள். 30 நாள் கருத்துக்கேட்பில் 35,000-க்கும் மேற்பட்ட கருத்துகள் குவிந்தன. பெரும்பாலானவை எதிர்ப்புதான். ஆனாலும், டிசம்பரிலேயே நிலம் நீக்கப்பட்டது.

உண்மையில் நிலத்துக்குத்தான் பஞ்சமா? 'வீட்டுத் தட்டுப்பாட்டுக்கு நிலப் பற்றாக்குறை காரணமல்ல' என்று அரசு அமைத்த நிபுணர் குழுவே 2022 பிப்ரவரியில் சொல்லியிருந்தது.

பிறகு ஏன் இந்த அவசரம்? 2023 ஆகஸ்ட்டில் வெளியான தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை பல உண்மைகளை உடைத்தது. நீக்கப்பட்ட நிலத்தில் சுமார் 92 சதவிகிதம், இரண்டு கட்டுமான நிறுவனங்களின் தரப்பிலிருந்து அமைச்சரின் தலைமை உதவியாளரிடம் வந்த 5 இடங்கள். நில உரிமையாளர்களுக்குக் கிடைக்கவிருந்த மதிப்பு உயர்வு 830 கோடி கனடா டாலருக்கு மேல்!

எதிர்ப்பு இன்னும் சூடுபிடித்தது. செப்டம்பர் 4-ல் வீட்டுவசதித்துறை அமைச்சர் ஸ்டீவ் கிளார்க் பதவி விலகினார். செப்டம்பர் 21-ல் 'இது தவறு' என்று மன்னிப்புக் கேட்டார் ஃபோர்ட். நிலம் அத்தனையும் மீண்டும் பாதுகாப்புக்குள் வந்தது. இனி சட்டமன்றத்தில் சட்டம் கொண்டுவராமல் எல்லையை மாற்ற முடியாது என்ற பூட்டும் அந்த டிசம்பரில் போடப்பட்டது.

வீடே வேண்டாம் என்று அந்த மக்கள் சொல்லவில்லை. வீடு தேவைதான், அதை எங்கே கட்டுவது, அதனால் லாபம் யாருக்கு என்றுதான் கேட்டார்கள். நம் ஊர் ஏரிக்கரையில் அடுத்த பிளாட் விளம்பரப் பலகையைப் பார்க்கும்போது நாமும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை!