ரத்தக் கொதிப்பு மாத்திரை கான்சரைத் தடுக்குமா?

இன்றைக்குப் பல வீடுகளில் மருந்து டப்பாவைத் திறந்தால் அம்லோடிபின் மாத்திரை இருக்கும். மாமியாருக்கோ மாமனாருக்கோ, சில வீடுகளில் நமக்கேவோ, தினம் ஒன்று. ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கிற இந்த மாத்திரையைப் பற்றி, "இது கான்சரைக்கூடத் தடுக்குமாமே!" என்கிறாள் ஒருத்தி. "ஐயோ, இதனால்தான் கான்சரே வருகிறதாம்!" என்கிறாள் இன்னொருத்தி. கேட்கிறவர்களுக்குத் தலை சுற்றுகிறது. இரண்டு பேச்சுக்குப் பின்னாலும் ஆராய்ச்சிகள் இருக்கின்றன. அவை என்ன என்று பார்ப்போமா, சகோதரிகளே?

ரத்தக் குழாயின் சுவரில் தசை இருக்கிறது. அந்தத் தசையின் செல்களில், கால்சியம் நுழைவதற்கென்றே மிக நுண்ணிய வாசல்கள் உண்டு. கால்சியம் உள்ளே போனால் தசை இறுகும், குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும். வாசலைக் கொஞ்சம் அடைத்தால் குழாய் தளர்ந்து பிரஷர் இறங்கும். அம்லோடிபின், நிபெடிபின், வெராபமில், டில்டியாசெம் எல்லாம் இப்படி வாசலடைக்கிற மருந்துகள்தாம்.

"அப்படியானால் பாலும் கேழ்வரகும் சாப்பிடக் கூடாதோ?" என்று கேட்டுவிடாதீர்கள். மாத்திரை அடைப்பது செல்லின் வாசலைத்தான். சாப்பாட்டிலுள்ள கால்சியம் எலும்புக்கும் பல்லுக்கும் வேண்டியதே. இந்த மாத்திரைக்காகக் கேழ்வரகுக் கஞ்சியை நிறுத்த வேண்டாம்.

சரி, கான்சருக்கு வருவோம். பெரும்பாலும் உயிரை வாங்குவது முதலில் தோன்றிய கட்டி அல்ல, அது பரவுவதுதான். மார்பில் வந்தது எலும்புக்கும் ஈரலுக்கும் நுரையீரலுக்கும் போய்விடுகிறது. எப்படிப் போகிறது? பாகற்கொடி சுருளை நீட்டிப் பந்தலைப் பற்றிக்கொண்டு படருகிறதல்லவா? அதுபோலக் கான்சர் செல்களும் விரல் மாதிரி மெல்லிய இழைகளை நீட்டி, பக்கத்துச் சதையைப் பற்றிக்கொண்டு நகருகின்றன.

பின்லாந்து தேசத்தில், டுர்க்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோஹன்னா ஈவாஸ்கா என்ற பெண் விஞ்ஞானியின் குழுவினர், இந்த விரல்களைத் தடுக்க வழி தேடினார்கள். ஏற்கெனவே வேறு நோய்களுக்குப் புழங்குகிற மருந்துகளையே சோதித்துப் பார்த்தார்கள். அகப்பட்டவை ரத்தக் கொதிப்பு மாத்திரைகள்! மார்பகக் கான்சர், கணையக் கான்சர் செல்களில் இந்த மருந்துகளைச் சேர்த்தபோது விரல்கள் குறைந்தன; செல்கள் ஊடுருவிப் போவதும் குறைந்தது. 2016ல் இதை வெளியிட்டார்கள்.

சந்தோஷமான சேதிதான். ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களில் கண்டது. அங்கே பலித்ததெல்லாம் மனிதரிடம் பலிப்பதில்லை. நம் வீட்டு வாசலில் பூக்கிற நித்தியகல்யாணியிலிருந்து வின்கிரிஸ்டின் என்ற கான்சர் மருந்து எடுக்கிறார்கள். அந்த மருந்துக்கு மசியாத ரத்தப் புற்று செல்கள்கூட, வெராபமில் சேர்த்தால் மசிகின்றன என்று 1981ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் எலிகளில் கண்டார்கள். மனிதருக்குக் கொடுக்கப் போனபோது, அதற்கு வேண்டிய அளவை இதயம் தாங்கவில்லை.

இன்னொருத்தியின் பயத்துக்கும் காரணம் உண்டு. 2013ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 55 முதல் 74 வயது வரையுள்ள பெண்களைக் கவனித்தார்கள். இந்த வகை மாத்திரையைப் பத்து வருஷமும் அதற்கு மேலும் சாப்பிட்டவர்களிடம் மார்பகக் கான்சர் அதிகமாகத் தெரிந்தது. பிறகு நடந்த பல ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை.

ஆகவே, கான்சர் வராமலிருக்க என்று இந்த மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள். பிரஷர் இல்லாதவருக்கு அது தாழ்ந்து மயக்கம் வரலாம். கான்சர் வந்துவிடுமோ என்று பயந்து நிறுத்தவும் நிறுத்தாதீர்கள். பிரஷர் ஏறிப் பக்கவாதம் வந்தால் என்ன செய்வது? கால் வீங்கினால், ஈறு தடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்; மாத்திரையை அவர் மாற்றித் தருவார்.

வீட்டில் யாருக்காவது கான்சர் வைத்தியம் நடந்தால், பிரஷர் மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டு போய்க் காட்டுங்கள். வெராபமிலும் டில்டியாசெமும் சில கான்சர் மருந்துகளின் வேகத்தைக் கூட்டிவிடும்.

பரவுவதைத் தடுக்க இன்று நம் கையில் இருப்பது சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான். மார்பில் வலியில்லாத கட்டி, காம்பில் ரத்தக் கசிவு, தீட்டு நின்ற பிறகு உதிரப்போக்கு, இவற்றில் எது தெரிந்தாலும் கூச்சப்படாமல் அந்த வாரமே டாக்டரிடம் போய்விடுங்கள். "தீபாவளி கழியட்டும், குழந்தைக்குப் பரீட்சை முடியட்டும்" என்று தள்ளிப் போடாதீர்கள்.