பூசணிக்காய் கிடங்கில் கிடந்த எல்விஸ் கார்!

உதட்டுச் சாயத்துக்குப் பயந்து சிவப்பு பெயிண்டு அடித்தார். மியூனிச்சில் 2 ஆண்டு பாடுபட்டு மறுபடி வெள்ளை ஆக்கினார்கள்

ஜெர்மனியில் உள்ள மியூனிச் நகருக்கு, 2014-ம் ஆண்டு அமெரிக்காவில் இருந்து ஒரு கார் வந்து இறங்கியது.

அதை கார் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். சொந்த எஞ்சின் இல்லை. சொந்த கியர்பாக்ஸ் இல்லை. பின் அச்சு வேறு வண்டியுடையது. அடித்தட்டில் துரு. காயலான்கடைக்காரர் பார்த்தால் எடை போட்டுத்தான் விலை சொல்லுவார்.

ஆனால் பி.எம்.டபிள்யூ. கம்பெனி அந்த ஆகஸ்டு மாதம் அதைத் தன் மியூசியத்தில் கொண்டுபோய் வைத்தது. பழுது பார்க்காமல், வந்த கோலத்திலேயே வைத்தது! ஜனங்கள் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள்.

காரணம், ஒரு காலத்தில் அந்த வண்டியை ஓட்டியவர் எல்விஸ் பிரெஸ்லி.

பட்டாளத்தில் பாடகர்

எல்விஸ் பிரெஸ்லி யார் என்று சொல்லத் தேவை இல்லை. இடுப்பை ஆட்டிப் பாடியே உலகத்தை ஆட்டி வைத்தவர். 1977-ல், 42 வயதில் இறந்துபோனார்.

புகழின் உச்சியில் இருந்தபோது, 1958 மார்ச்சு மாதம் அவரை அமெரிக்க ராணுவம் கட்டாயச் சேவைக்கு அழைத்தது. மறுபேச்சு பேசாமல் போனார். தலைமுடியை ஒட்ட வெட்டினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் மேற்கு ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். பிரீட்பெர்க் என்ற ஊரில் டாங்கிப் படை முகாம். அங்கே சாதாரண சிப்பாய்.

சிப்பாய் என்றால் முகாமில்தானே படுக்க வேண்டும்? எல்விசுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அப்பாவும் பாட்டியும் கூடவே வந்துவிட்டார்கள். குடும்பம் இருந்தால் வெளியே தங்கலாம் என்று விதி. பக்கத்து ஊரான பாட் நாவ்ஹைமில் வீடு எடுத்துக்கொண்டார்.

வீட்டில் இருந்து முகாமுக்குப் போய்வர வண்டி வேண்டும் அல்லவா? 1958 டிசம்பர் 20-ந் தேதி ஒரு வெள்ளைக் காரின் சாவி அவர் கைக்கு வந்தது. பெயர் பி.எம்.டபிள்யூ. 507. இரண்டே பேர் உட்காரலாம். கூரையைக் கழற்றிவிட்டுப் போகலாம்.

அது புது வண்டி இல்லை. ஹான்ஸ் ஸ்டக் என்ற பிரபல பந்தய வீரர் ஓட்டிய வண்டி. மலைப்பாதைப் பந்தயங்களில் பெயர் வாங்கியவர் அவர். எல்விஸ் அதை வாடகை ஒப்பந்தத்தில்தான் எடுத்தார்.

கம்பெனியை ஆட்டி வைத்த அழகி

அந்த 507 வகை கார் பிறந்த கதையே தனிக் கதை.

நியூயார்க்கில் மாக்ஸ் ஹாப்மன் என்று ஒரு கார் இறக்குமதியாளர். “5 ஆயிரம் டாலருக்குள் அழகான ஸ்போர்ட்ஸ் கார் கொடுங்கள், ஆயிரக்கணக்கில் விற்கிறேன்” என்ற கணக்கில் பி.எம்.டபிள்யூ.வைத் தூண்டினார். ஆல்பிரெக்ட் கெர்ட்ஸ் என்ற ஜெர்மன் பிரபு படம் போட்டுக் கொடுத்தார். 1955-ல் காட்சிக்கு வைத்தார்கள். பார்த்தவர்கள் சொக்கிப் போனார்கள்.

ஆனால் விலை? சொன்ன விலைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிட்டது!

ஆகாமல் என்ன செய்யும்? பாடி முழுவதும் அலுமினியத் தகடு. மெஷினில் அச்சு வைத்து அடித்தது அல்ல, ஆள் உட்கார்ந்து கையால் தட்டித் தட்டி உருவாக்கியது. எஞ்சினும் அலுமினியம்தான். 8 சிலிண்டர், 3.2 லிட்டர், 150 குதிரைச் சக்தி.

மொத்தம் 250-ஐ ஒட்டித்தான் செய்தார்கள். ஒவ்வொன்றிலும் நஷ்டம். 1959 டிசம்பரில் கம்பெனியே போட்டியாளரான டைம்லர்-பென்ஸ் கைக்குப் போகும் நிலை. பங்குதாரர்கள் கூட்டத்தில் பெரிய ரகளை. ஹெர்பர்ட் குவாண்ட் என்ற பணக்காரர் துணிந்து பணம் போட்டதால் தப்பியது. நஷ்டத்துக்கு 507 மட்டும் காரணம் அல்ல. பெரிய கார்களும் விற்கவில்லை. ஆனாலும் இந்த அழகிக்கும் பங்கு உண்டு.

உதட்டுச் சாயம்

எல்விஸ் வெள்ளைக் காரில் போகிறார் என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது.

வண்டியை எங்கே நிறுத்தினாலும் பெண்கள் கூட்டம். பேப்பர் பேனா தேடவில்லை. உதட்டுச் சாயத்தை எடுத்து வெள்ளைப் பெயிண்டின் மேலேயே காதல் சேதி எழுதிவிட்டுப் போனார்கள்! முகாமுக்குள் உதட்டுச் சாய வண்டியோடு ஒரு சிப்பாய் போனால் எப்படி இருக்கும்?

எல்விஸ் ஒரு யுக்தி செய்தார். காருக்குச் சிவப்பு பெயிண்டு அடித்துவிட்டார். சிவப்பின் மேல் சிவப்புச் சாயம் தெரியாது அல்லவா!

1960 மார்ச்சு மாதம் எல்விஸ் தாய்நாடு திரும்பினார். அதே ஆண்டு அந்தக் காரும் நியூயார்க்கில் ஒரு டீலர் கடையில் விற்பனைக்கு நின்றது.

எஞ்சினைப் பிடுங்கிய ரேடியோக்காரர்

அதை 4,500 டாலருக்கு வாங்கியவர் டாமி சார்லஸ். அலபாமா மாநிலம் பர்மிங்காம் நகரத்து ரேடியோ அறிவிப்பாளர். இவரும் சாதாரண ஆள் இல்லை. “ஏசுவைவிட நாங்கள் பிரபலம்” என்ற பொருளில் ஜான் லெனன் பேசியது 1966-ல் வெளியானபோது, “பீட்டில்ஸ் பாட்டைப் போடாதே” என்று முதலில் கொடி பிடித்த ரேடியோக்காரர்களில் ஒருவர்!

கார் விஷயத்திலும் மனிதர் இரக்கம் பார்க்கவில்லை. பந்தயத்துக்கு வேகம் போதாது என்று, ஜெர்மன் எஞ்சினைப் பிடுங்கி எறிந்தார். செவர்லே எஞ்சினை மாட்டினார். அது உள்ளே நுழையவில்லை. முன்பக்கச் சட்டத்தை வெட்டினார்கள். கியர்பாக்சையும் பின் அச்சையும் மாற்றினார்கள். டேடோனாவில் பந்தயம் ஓட்டினார்.

இன்றைக்குப் படிக்கிறவர்களுக்கு வயிறு எரியும். அன்றைக்கு அது வெறும் பழைய வண்டி. பாட்டுக்காரர் ஓட்டிய வண்டி என்று யாரும் கோவில் கட்டவில்லை. 1963-ல் சார்லஸ் அதை விற்றார். பிறகு கை மாறியது.

காத்திருந்த இஞ்சினீயர்

1968-ல் அது ஜாக் காஸ்டர் என்பவரிடம் வந்து சேர்ந்தது. கலிபோர்னியாவைச் சேர்ந்த விண்வெளி இஞ்சினீயர். பழைய கார் என்றால் அவருக்கு உயிர். இன்னொரு 507-ம் அவரிடம் இருந்தது.

கொஞ்ச காலம் ஓட்டிப் பார்த்தார். ‘ஒருநாள் உட்கார்ந்து சரியாகச் செய்து முடிப்போம்’ என்று ஓரம் கட்டினார். அந்த ஒருநாள் வரவே இல்லை. வண்டி ஹாப் மூன் பே என்ற ஊரில், பூசணிக்காய் அடுக்கும் கிடங்கில் போய்த் தங்கியது. அந்த ஊரில் பூசணிதான் பெரிய வெள்ளாமை.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த வியாதி தெரியும். அடுத்த பொங்கலுக்கு முடித்துவிடலாம் என்பார்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காது. கிடைத்தால் காசு இருக்காது. காசு இருந்தால் நேரம் இருக்காது. வீட்டில் உள்ளவர்கள், ‘வித்துத் தொலைங்களேன்’ என்பார்கள். ஆனால் காஸ்டர் விற்கவில்லை. உதிரி சாமான்களைத் தேடித் தேடிச் சேர்த்தார்.

ஹான்ஸ் ஸ்டக் ஓட்டிய பந்தய வண்டி என்பதில் அவருக்குப் பெருமை. எல்விஸ் வண்டி என்பது உறுதியாகத் தெரியாது. உலகமோ எல்விஸ் காரைக் காணவில்லை என்று தேடிக்கொண்டிருந்தது!

நம்பர் 70079

ஒரு பெண் பத்திரிகையாளர் 507 கார்களைப் பற்றி எழுதிய கட்டுரை காஸ்டர் கண்ணில் பட்டது. தொடர்பு கொண்டார். கிடங்கில் கிடப்பதைக் காட்டினார். சட்டத்தில் பொறித்த நம்பர் 70079.

மியூனிச்சில் கம்பெனியின் பழைய பதிவேடுகளைப் புரட்டினார்கள். ஸ்டக் ஓட்டியதும் 70079. எல்விசுக்குப் போனதும் 70079. ஆக, இரண்டு வண்டியும் ஒரே வண்டி!

பெயிண்டு, எஞ்சின், பின் அச்சு எல்லாம் மாறிப் போச்சு. அந்த ஐந்து எண் மட்டும் மாறவில்லை. பழைய வண்டி வாங்குகிறவர்கள் முதலில் சேசிஸ் நம்பரைத் தேய்த்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

காஸ்டர் நினைத்திருந்தால் ஏலத்தில் விட்டிருக்கலாம். எல்விஸ் பெயருக்கே கோடி கொட்டுவார்கள். அவர் பி.எம்.டபிள்யூ.வுக்குத்தான் கொடுத்தார். அவர் கேட்டது, வண்டி பிறந்தபோது இருந்த மாதிரியே திரும்ப ஆக்க வேண்டும் என்பது. சேர்த்து வைத்திருந்த சாமான்களையும் கொடுத்தார். 46 வருஷம் வைத்திருந்த வண்டி கப்பல் ஏறியது.

அமிலக் குளியல்

வேலை இரண்டு ஆண்டு பிடித்தது.

முதலில் அலுமினிய பாடியை இரும்பு அடித்தட்டில் இருந்து பிரித்தார்கள். பெயிண்டை எடுக்க வேண்டும். உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்தால் தகடு தேய்ந்துவிடும். எனவே பாடியை அமிலத் தொட்டியில் முக்கினார்கள். அடித்தட்டை காஸ்டிக் சோடா தொட்டியில் முக்கினார்கள்.

ஏன் இரண்டு தொட்டி? காஸ்டிக் சோடா இரும்பை ஒன்றும் செய்யாது. அலுமினியத்தையோ தின்றே விடும். தொட்டி மாறினால் எல்விஸ் கார் நுரையாகப் போய்விடும்!

பெயிண்டு போனபிறகுதான் வண்டியின் நிஜமான உடம்பு தெரியும். நெளிவு எங்கே, துரு எங்கே என்று அப்போதுதான் கணக்கு. வேறு ஒரு 507-ன் பானெட்டை வாங்கி மாட்டிவிட முடியாது. கையால் தட்டிய பாடி என்பதால் ஒன்றுக்கு ஒன்று அளவு ஒத்துவராது. பழைய முறையிலேயே தட்டி, பொருத்தி, மறுபடி தட்டினார்கள். இந்த வேலைக்கு நல்ல டிங்கர் வேண்டும். ஜெர்மனியிலும் அப்படிப்பட்ட கை குறைந்து வருகிறது.

எஞ்சினுக்கு என்ன செய்வது? ஒரிஜினல் எஞ்சின் போன இடம் போனதுதான். உதிரி பாகங்களைச் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து, அதே 3.2 லிட்டர் எஞ்சினைக் கட்டினார்கள்.

ஜன்னல் கண்ணாடியைச் சுற்றும் கைப்பிடி, கதவுக் கைப்பிடி போன்றவை எந்தக் கடையிலும் கிடைக்காது. இங்கேதான் புதுக் காலம் கை கொடுத்தது. பொருளை அப்படியே அச்செடுக்கும் முப்பரிமாண பிரிண்டர் உதவியோடு அவற்றைச் செய்தார்கள். சீட்டுத் தோலைப் பழைய படங்களைப் பார்த்துத் தைத்தார்கள். டாஷ்போர்டில் பெக்கர் மெக்சிகோ ரேடியோ ஏறியது.

சிவப்பா, வெள்ளையா?

பெயிண்டு எந்த நிறம்? எல்விஸ் கார் என்றால் சிவப்பும் சரித்திரம்தானே! உதட்டுச் சாயக் கதையே அந்தச் சிவப்பில்தான் இருக்கிறது. காஸ்டர் வாங்கியபோதும் வெள்ளை இல்லை.

ஆனால் வெள்ளைதான் என்று முடிவானது. 1958 டிசம்பரில் சாவி கை மாறிய அன்று எப்படி இருந்ததோ, அப்படி. இறகு வெள்ளை என்று அந்த நிறத்துக்குப் பெயர். இன்றைய பெயிண்டைத் தொடாமல் அந்தக் காலத்து முறையில் அடித்தார்கள். அடையாளத்தை அழித்துவிட்டார்கள் என்று குறை சொல்ல இடம் உண்டு. மியூசியத்தில் துருவோடு நின்ற வண்டியைப் பார்த்தவர்களில் சிலருக்கு அந்தக் கோலமே பிடித்திருக்கும். ஆனால் வண்டிக்காரர் கேட்டது ஓடும் வண்டி. அந்த வார்த்தையைக் காப்பாற்றினார்கள்.

அவர் பார்க்கவில்லை

2016 ஆகஸ்டு 21-ந் தேதி கலிபோர்னியாவில் பெபிள் பீச் என்ற கடலோர ஊரில் பழைய கார் அணிவகுப்பு. பணக்காரர்கள் கூடும் திருவிழா. அங்கே 70079 வந்து நின்றது. பளபள என்று வெள்ளை. எஞ்சின் ஓடியது.

பூசணிக்காய் கிடங்கு இருந்த ஹாப் மூன் பேயும் அதே கடற்கரையில்தான் இருக்கிறது.

காஸ்டர் அங்கே இல்லை. வண்டி மியூனிச்சுக்குப் போன அதே 2014-ம் ஆண்டு நவம்பரில் அவர் இறந்துவிட்டார். அப்போது வேலை முழுதாக முடிய இன்னும் ஒன்றரை வருஷத்துக்கு மேல் இருந்தது.

அவர் எவ்வளவுக்குக் கொடுத்தார் என்பதைக் கம்பெனி வெளியே சொல்லவில்லை. ஆனால் 507 என்ன விலை போகும் என்பதற்கு வேறு கணக்கு இருக்கிறது. மோட்டார் சைக்கிளிலும் காரிலும் உலகச் சாம்பியன் ஆன ஒரே வீரர் ஜான் சர்ட்டீஸ். அவர் வைத்திருந்த 507 கார் 2018 ஜூலையில் இங்கிலாந்தில் ஏலம் போனது. விலை 38 லட்சம் பவுன்!

டாமி சார்லஸ் கொடுத்தது 4,500 டாலர்.