வாட்ஸ்அப்பில் வரும் ஆப்பை இனி இன்ஸ்டால் செய்ய முடியாதா? கூகுளின் புதிய விதி சொல்வது என்ன?

டிராஃபிக் அபராதம் பாக்கி, கல்யாணப் பத்திரிகை, வங்கி கேஒய்சி... இப்படி ஏதாவது ஒரு பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் வருகிறது. தொட்டு இன்ஸ்டால் செய்தால் போச்சு! போனுக்கு வரும் ஓடிபி எஸ்எம்எஸ் எல்லாம் மோசடிக் கும்பல் கைக்குப் போய்விடும். அந்த ஆப்பை யார் செய்தார்கள் என்று தேடினால் பெயரும் இருக்காது, முகவரியும் இருக்காது.

இதற்குக் கடிவாளம் போடத்தான் ஆப் உருவாக்குபவர்கள் எல்லோரும் தங்கள் அடையாளத்தை நிரூபிக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்ட்டில் கூகுள் அறிவித்தது.

புதிய விதி என்ன?

பிளே ஸ்டோரில் ஆப் போடுபவர்களுக்கு அடையாளச் சரிபார்ப்பு ஏற்கெனவே இருக்கிறது. இனி பிளே ஸ்டோருக்கு வெளியே, வெப்சைட்டிலோ வாட்ஸ்அப்பிலோ ஆப் கொடுப்பவர்களுக்கும் அது பொருந்தும். கூகுள் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு போன்களில், சரிபார்க்கப்பட்டவர் பதிவு செய்த ஆப் மட்டுமே வழக்கம்போல இன்ஸ்டால் ஆகும்.

பிளே ஸ்டோரை விட, இணையத்தில் நேரடியாக இறக்கும் ஆப்களில் 50 மடங்குக்கும் மேல் தீங்கான மென்பொருள் இருப்பதாக கூகுள் சொல்கிறது.

எப்போது வருகிறது?

2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய 4 நாடுகளில் தொடக்கம். 2027 முதல் மற்ற நாடுகளுக்கும் படிப்படியாக விரிவாகும் என்பது கூகுளின் அறிவிப்பு. அப்போ இந்தியாவுக்கும் இது தூரத்தில் இல்லை.

ஆப் செய்பவர் என்ன கொடுக்க வேண்டும்?

சென்னை புறநகரில் உள்ள அனகாபுத்தூரையே எடுத்துக்கொள்வோம். வாழைநார் போன்ற இயற்கை நார்களில் நெய்யும் புடவைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே ஒரு கல்லூரி மாணவர், நெசவாளர்கள் ஆர்டர் எடுக்க ஒரு ஆப் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் தேவைப்படுபவை:

* சட்டப்படியான பெயர், முகவரி, இமெயில், போன் நம்பர். அரசு அடையாள அட்டையும் கேட்கப்படலாம்.

* நிறுவனத்தின் பெயரில் பதிவு செய்தால் டன்ஸ் எனப்படும் 9 இலக்க நிறுவன அடையாள எண், வெப்சைட் சரிபார்ப்பு.

* ஆப்பின் பேக்கேஜ் நேம், சைனிங் கீ பதிவு. பேக்கேஜ் நேம் என்பது ஆப்பின் தனிப் பெயர். சைனிங் கீ என்பது 'இது நான் செய்ததுதான்' என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை.

* முழுக் கணக்குக்கு 25 டாலர் கட்டணம், ஒரே முறை.

மாணவர்களுக்கும் பொழுதுபோக்காகச் செய்பவர்களுக்கும் கட்டணமில்லாத தனிக் கணக்கு உண்டு. ஆனால் குறைந்த எண்ணிக்கையிலான போன்களுக்கு மட்டுமே ஆப்பைக் கொடுக்க முடியும். நாலு தறிக்காரர்கள் பயன்படுத்த அது போதும். ஊரெல்லாம் வாடிக்கையாளர் வேண்டும் என்றால் போதாது.

பிளே ஸ்டோரில் போட்டால் சுலபமா?

அங்கே வேறு கணக்கு. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாட்கள் ஆப்பைச் சோதித்துப் பார்க்க வேண்டும். முதலில் 20 பேர் என்று இருந்ததை 12 ஆகக் குறைத்தார்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஆப் மூலம் பணம் சம்பாதித்தால், தனிநபர் கணக்கில் உள்ள முழு முகவரியும் பிளே ஸ்டோரில் எல்லோருக்கும் தெரியும். வீட்டிலிருந்தே ஆப் செய்யும் ஒரு பெண்ணுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஏன் எதிர்ப்பு?

விளம்பரமில்லாத ஓப்பன் சோர்ஸ் ஆப்களை வழங்கும் எஃப்-டிராய்டு, இந்த விதி வந்தால் தங்கள் திட்டமே முடிவுக்கு வந்துவிடும் என்று 2025 செப்டம்பரில் எச்சரித்தது. சொந்தப் பாதுகாப்புக்காகப் பெயரை மறைத்து ஆப் செய்பவர்களும் உண்டு. காசு கொடுத்து வாங்கிய போனில் எதை இன்ஸ்டால் செய்வது என்பதை ஒரு நிறுவனம் ஏன் முடிவு செய்ய வேண்டும் என்பதும் அவர்கள் கேள்வி.

எதிர்ப்புக்குப் பிறகு 2025 நவம்பரில் கூகுள் கொஞ்சம் இறங்கி வந்தது. ஆபத்தைப் புரிந்துகொண்ட பயனர்கள், கூடுதல் எச்சரிக்கைகளைத் தாண்டி, சரிபார்க்கப்படாத ஆப்பையும் இன்ஸ்டால் செய்ய வழி தரப்படும் என்றது.

இனி மோசடி நின்றுவிடுமா?

வாடகைக்கு வருபவரிடம் ஹவுஸ் ஓனர் ஆதார் நகல் வாங்கி வைப்பது போலத்தான் இது. வந்தவர் யார் என்று தெரியும். வீட்டுக்குள் என்ன செய்கிறார் என்று தெரியாது. அடையாளம் சரிபார்க்கப்பட்டது என்பதற்கு, ஆப் நல்லது என்று அர்த்தம் இல்லை. ஆனால் ஒருமுறை மாட்டியவர் அடுத்த நாளே வேறு பெயரில் வருவது கஷ்டமாகும்.

இப்போது என்ன செய்யலாம்?

ஆப் செய்பவர்கள் சைனிங் கீயைப் பத்திரமாக பேக்கப் எடுத்து வைக்க வேண்டும். அது தொலைந்தால், ஆப் உங்களுடையது என்று நிரூபிப்பதே சிக்கலாகிவிடும்.

மற்றவர்களுக்கு ஒரே விதிதான்: தெரிந்தவர் நம்பரிலிருந்தே வந்தாலும், கேட்காமல் வரும் ஏபிகே ஃபைலைத் தொட வேண்டாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.