கார் கதவுக்குள் ஒரு கீரைத் தோட்டம்!

பிஎம்டபிள்யூ நிறுவனம் 2013-ல் கொண்டுவந்த ஐ3 மின்காரின் கதவைத் திறந்து உட்பக்கம் பாருங்கள். நார் நாராகத் தெரிகிறதே, அது அச்சடித்த டிசைன் இல்லை. நிஜ நார்! கெனாஃப் செடியின் தண்டிலிருந்து உரித்தது. கெனாஃப் வேறு யாருமில்லை, நம் புளிச்சகீரைதான்! நாம் இளசிலேயே கிள்ளிக் கடைந்து சாப்பிட்டுவிடுகிறோம். வளரவிட்டால் நான்கைந்து மாதத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு நெடுநெடுவென்று நிற்கும்.

பல கார்களில் ஆளி, சணல், கெனாஃப் நார்கள் கதவுப் பலகைக்குள் வருடக்கணக்காக இருக்கின்றன. மேலே துணியோ ரெக்சினோ போர்த்திவிடுவதால் நம் கண்ணில் படுவதில்லை. அந்தப் போர்வையைக் கொஞ்சம் விலக்கிப் பார்ப்போமா?

முதலில் பாய் தயாராகிறது. ஏறக்குறைய பாதி செடி நார், பாதி பாலிபுரொப்பிலீன் இழை. இரண்டையும் கலந்து பரப்பி, முள் வைத்த ஊசிகளால் குத்திக் குத்திப் பிணைக்கிறார்கள். ஈரம் துளியும் மிச்சமிருக்கக் கூடாது. இருந்தால் சூட்டில் ஆவியாகிக் குமிழி போட்டுவிடும். அப்புறம் அடுப்பு. பாலிபுரொப்பிலீன் சுமார் 165 டிகிரி செல்சியஸில் உருகும். 200-ஐத் தாண்டினால் நார் கருகத் தொடங்கும். மொத்த ஆட்டமும் இந்தச் சின்ன இடைவெளிக்குள்தான்! பிளாஸ்டிக் உருகியதும் பாயைத் தூக்கிக் குளிர்ந்த அச்சில் வைத்து ஒரே அமுக்கு. சுமார் ஒரு நிமிடம். கதவுப் பலகை வெளியே வந்துவிடுகிறது!

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்குள் ஒளிந்திருக்கிறது. செடி நார் என்பது பெரும்பாலும் செல்லுலோஸ். தண்ணீர் என்றால் அதற்கு உயிர். பாலிபுரொப்பிலீனோ பெட்ரோலிய வம்சம், தண்ணீரை அண்டவே விடாது. இரண்டையும் சும்மா சேர்த்து உருக்கினால் ஒட்டாது. பலகையை இழுத்தால் நார் தனியாக உருவிக்கொண்டு வந்துவிடும். அதனால் மேலிக் அன்ஹைட்ரைடு பிணைத்த பாலிபுரொப்பிலீனைக் கொஞ்சம் கலக்கிறார்கள். நூற்றுக்குச் சில பங்கு போதும். ஒரு பக்கம் நாரின் மேற்பரப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். இன்னொரு பக்கம் நீண்ட வாலைப் பிளாஸ்டிக்குக்குள் நுழைத்துவிடும். இரு வீட்டாருக்கும் வேண்டிய கல்யாணத் தரகர்! அவர் வந்த பிறகுதான் பலகைக்கு வலுவே வருகிறது.

சரி, இவ்வளவு பாடு எதற்கு? எடைக்காக. பிளாஸ்டிக்குக்கு வலுவூட்ட வழக்கமாகச் சேர்க்கும் கண்ணாடி இழையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.5 கிராமுக்கு மேல். ஆளி நாருக்கு 1.5 கிராம்தான். கார் இளைத்தால் எரிபொருள் மிச்சம்.

அடுத்து வரும் அறையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். முகர்ந்து பார்க்கும் அறை! ஆளித் தண்டுகளை அறுவடை முடிந்ததும் வயலிலேயே பரப்பி, பனியிலும் மழையிலும் வாரக்கணக்கில் கிடத்துவார்கள். நுண்ணுயிர்கள் பசையைத் தின்று தீர்த்தால்தான் நார் பிரியும். பிரான்சின் நார்மண்டியில் இன்றும் இப்படித்தான். அந்த வயல் வாசனை நாரோடு வந்துவிடுகிறது. அடுப்பில் சூடு கொஞ்சம் கூடினாலோ, தீய்ந்த வாடையும் சேர்ந்துகொள்ளும். புதுக் காரில் இதையெல்லாம் யார் பொறுத்துக்கொள்வார்கள்? எனவே ஜெர்மன் கார்த் தொழில் சங்கத்தின் விடிஏ 270 என்ற சோதனை. பலகைத் துண்டை மூடிய கண்ணாடிக் குடுவையில் போட்டு 80 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைக்கிறார்கள். சற்று ஆறியதும் மூடியை லேசாகத் திறந்து, குறைந்தது மூன்று பேர் மோந்து பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். வாசனையே இல்லையென்றால் 1, தாங்கவே முடியாவிட்டால் 6. தீர்ப்பு சொல்வது மனித மூக்கு!

காரில் செடி நாரைச் சேர்க்கும் யோசனை நேற்று முளைத்ததும் அல்ல. கிழக்கு ஜெர்மனியின் டிராபன்ட் கார் 1957 முதல் 1991 வரை 30 லட்சத்துக்கு மேல் உருண்டு வந்தது. அதன் வெளிப்புறத் தகடுகளே பருத்திக் கழிவும் பீனால் பிசினும் சேர்த்து அழுத்தியவை!

இப்போது பந்தயக் கார்களும் களமிறங்கிவிட்டன. போர்ஷே 2019-ல் ஒரு பந்தயக் காரின் கதவுகளையும் பின் இறக்கையையும் செடி நாரில் செய்தது. 2020-ல் மெக்லாரன், சுவிட்சர்லாந்தின் பிகாம்ப் நிறுவனத்தோடு சேர்ந்து, ஃபார்முலா 1 ஓட்டுநர் இருக்கையையே ஆளி நாரில் செய்துவிட்டது. கார்பன் இழைப் பலகை மோதலில் கூரிய சில்லுகளாகத் தெறிக்கும். ஆளி நார்ப் பலகை அப்படிச் சிதறுவதில்லை. சீறிக்கொண்டு பின்னால் வரும் கார்களின் டயர்களுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி!