சுவரினுள் நுரையும் ஈரலிப்பும்: கனடிய அனுபவம் பற்றிய ஒரு நோக்கு

மரச்சட்டங்களால் அமைந்த பழைய கனடிய வீடுகளின் வெளிச்சுவர்களில், உட்புறப் பூச்சுக்கும் வெளிப்புறப் பலகைக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. பெரும்பாலும் அது வெறுமையாகவே விடப்பட்டிருந்தது. அதனூடாக வெப்பம் வீணாகியது உண்மையே. எனினும், சுவரினுட் புகுந்த ஈரம் உலர்ந்து வெளியேறுவதற்கும் அதுவே வழியாயிருந்தது. இவ்விரண்டாவது பணி மறக்கப்பட்டதன் விளைவுகளை இக்கட்டுரை நோக்குகின்றது.

ஈரலிப்பின் விஞ்ஞானம் எளியது. 20 பாகை செல்சியசில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். 0 பாகையில் ஏறத்தாழ 5 கிராமையே தாங்கும். மாரியில் வீட்டினுள்ளிருக்கும் வெப்பமான காற்று, பிளவுகளினூடாகச் சுவரின் குளிர்ந்த பகுதியை அடையுமாயின், மிகுதி நீராவி அங்கு நீராக ஒடுங்கும். உலர வழியின்றேல் மரம் உக்கும், பூஞ்சணம் படரும்.

1973 ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியை அடுத்து, வீடுகளின் வெப்பத்தைக் காப்பது அரச கொள்கையாயிற்று. 1977 இல் கனடிய அரசாங்கம் இதற்கென மானியத் திட்டமொன்றைத் தொடங்கியது. பழைய சுவரை உடைக்காது, சிறு துளைகளினூடாகச் செலுத்தக்கூடிய யூரியா-போமல்டிகைட்டு நுரை விரைவிற் பரவியது. இந்நுரை தொழிற்சாலையிலன்றி வீட்டு வாயிலிலேயே கலக்கப்பட்டது. ஆகவே அதன் தரம் கலப்பவரின் திறனையும் அன்றைய வெப்பநிலையையும் சார்ந்திருந்தது. ஈரமாகவே உட்செலுத்தப்பட்ட நுரை, உலருங்கால் சுருங்கிப் பிளவுகளை விட்டது. மேலும், ஈரலிப்பும் வெப்பமும் அந்நுரையைச் சிதைத்துப் போமல்டிகைட்டு வாயுவை வெளிவிடச் செய்யும். நலக்கேடு பற்றிய அச்சத்தால் 1980 டிசெம்பரில் அது தடைசெய்யப்பட்டது.

காலப்போக்கில் வாயுவின் அளவு குறைந்தமையைப் பின்னைய அளவீடுகள் காட்டின. ஆயினும், நுரையிட்ட வீடு என்னும் பெயர் அதன் விலையை வீழ்த்திற்று. நுரையை அகற்றுதல் முதலிய பணிகளுக்கு அரசாங்கம் 5,000 டொலர் வரை உதவியது. கியூபெக் வீட்டுரிமையாளர் தொடுத்த நீண்ட வழக்கோ 1991 இல் தள்ளுபடி செய்யப்பட்டது. அரசு ஊக்குவித்தது; நிறுவனங்கள் விற்றன; இழப்பின் பெரும்பகுதியைக் குடியிருந்தோரே சுமந்தனர்.

இன்று விசிறப்படும் பொலியுரேதேன் நுரை வேறு பொருளாகும். அவ்வாறு சுருங்குவதோ போமல்டிகைட்டை அவ்வாறு வெளிவிடுவதோ அதன் இயல்பன்று. ஆனால் ஈரலிப்பு வினா அப்படியே உளது. அதன் மூடிய கல வகை நீராவியைப் பெரிதும் தடுக்கும். ஈரமான மரத்தின்மீது விசிறப்படின் அவ்வீரத்தைச் சிறைப்படுத்தும். திறந்த கல வகை நீராவியைச் செல்லவிடும். ஆதலாற் குளிர்நாடுகளில் உட்புறத்தே ஆவித்தடுப்பு வேண்டப்படும். வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளிற் குளிரூட்டப்பட்ட கட்டடங்களில், ஈரம் வெளியிலிருந்து உள்நோக்கி நகரும். அங்கு அதே ஏற்பாடு தீங்காகலாம்.

எனவே நுரை நன்றா தீதா என்று பொதுப்பட வினவுதல் பயனற்றது. ஈரம் எங்கிருந்து வருகின்றது, எவ்வழியே வெளியேறும், தவறு நேரின் யார் பொறுப்பு என்னும் மூன்று வினாக்களுக்கும், சுவரிலே துளையிடுமுன் விடை காணப்படல் வேண்டும்.