சாட்சி சொல்லும் காமிரா! காருக்கு வாங்குவது எப்படி? பொருத்துவது எப்படி?

காரைக்காலில் இருந்து நாகப்பட்டினம் சுமார் 20 கிலோ மீட்டர். வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். அது தமிழ்நாடு. வடக்கே போனாலும் இதே கதைதான். நண்டலாற்றைத் தாண்டினால் தரங்கம்பாடி வந்துவிடும். எந்தப் பக்கம் காரை விட்டாலும் சிறிது நேரத்தில் புதுச்சேரி போலீசின் எல்லை முடிந்து, தமிழ்நாடு போலீசின் எல்லை தொடங்கிவிடும்.

இந்தச் சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே பாய்ந்து, உங்கள் காரில் மோதிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே கூட்டம் கூடும். "கார்க்காரன் மேல்தான் தப்பு!" என்று ஒரு குரல் எழும். "கண்ணால் பார்த்தேன்" என்பார் ஒருவர். அவர் டீக்கடைக்குள் இருந்து சத்தம் கேட்டு ஓடி வந்தவராக இருப்பார்!

நடந்ததை உள்ளபடி சொல்ல யார் இருக்கிறார்கள்? ஒரு காமிரா இருந்தால் அது சொல்லும். "டேஷ்கேம்" என்று கடைகளில் கேட்டால் கொடுப்பார்கள். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. முன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, கார் ஓடும் நேரமெல்லாம் எதிரே தெரிவதைப் படம் பிடிக்கும்.

ரஷ்யாவில் இந்தக் காமிரா மிகவும் பிரபலம். 2013-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி, செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேலே ஒரு விண்கல் தீப்பிழம்பாகப் பாய்ந்து வெடித்தது. உலகம் அதைப் பார்த்தது எப்படித் தெரியுமா? சாலையில் போய்க்கொண்டிருந்த கார்களின் காமிராக்கள் படம் பிடித்திருந்தன!

எதை வாங்கலாம்?

சில ஆயிரம் ரூபாயிலேயே நல்ல காமிரா கிடைக்கிறது. ஆறாயிரம், எட்டாயிரம் என்று கொட்டவேண்டியதில்லை. முன்பக்கம் மட்டும் பார்க்கும் ஒரே காமிரா போதும். "1080" என்ற அளவில் படம் எடுப்பதாக இருக்கட்டும். பகலில் முன்னால் போகும் வண்டியின் நம்பர் தெரியும். இரவில், எதிர் வண்டியின் விளக்கு வெளிச்சத்தில், விலை உயர்ந்த காமிராவுக்கும் நம்பர் தெரிவது கஷ்டம்தான். விளம்பரத்தை நம்பி ஏமாறவேண்டாம்.

நம் ஊருக்கு முக்கியமானது வேறு. அது வெயில்! சித்திரை வெயிலில், திருநள்ளாறு கோவில் பக்கம் காரை நிறுத்திவிட்டுச் சாமி கும்பிட்டு வாருங்கள். காருக்குள் கை வைக்க முடியாது. உள்ளே பாட்டரி வைத்த காமிரா இந்தச் சூட்டில் உப்பிப்போகும். ஆகவே "பாட்டரியா, கெபாசிட்டரா?" என்று கடைக்காரரைக் கேளுங்கள். கெபாசிட்டர் உள்ளது சூட்டைத் தாங்கும். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

இடம் காட்டும் ஜி.பி.எஸ். வசதி உள்ளதும் உண்டு. விலை கொஞ்சம் கூடும். எல்லை ஓரத்தில் இருக்கும் நமக்கு அது வீண் செலவு அல்ல. விபத்து வாஞ்சூருக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்ற கேள்விக்குப் படத்திலேயே பதில் இருக்கும்.

படம் பதியும் சிறிய அட்டையைத் தனியாக வாங்கவேண்டும். 64 ஜி.பி. போதும். சாதாரண செல்போன் அட்டை சீக்கிரம் கெட்டுவிடும். ஓயாமல் பதிவதற்கென்றே "ஹை என்டூரன்ஸ்" என்று போட்ட அட்டை விற்கிறது. அதை வாங்குங்கள். அட்டை நிறைந்தால் பழைய படத்தை அழித்து, புதியதை அதுவே பதிந்துகொள்ளும்.

நீங்களே பொருத்தலாம்

மெக்கானிக் தேவையில்லை. நடுவில் இருக்கும், பின்னால் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்புறம் ஒட்டுங்கள். டிரைவரின் பார்வையை மறைக்கக் கூடாது. வைப்பர் துடைக்கும் இடமாகவும் இருக்கவேண்டும். இல்லையென்றால் ஐப்பசி மழையில் தண்ணீரைத்தான் படம் பிடிக்கும்! ஒட்டும் முன்பு கண்ணாடியைத் துடைத்துக் காயவிடுங்கள்.

வயரைக் கண்ணாடியின் மேல் ஓரத்தில் செருகி, பக்கவாட்டில் இறக்கி, சிகரெட் லைட்டர் துளைக்குக் கொண்டுவாருங்கள். ஒரு எச்சரிக்கை. சில கார்களில் பக்கத்துத் தூணுக்குள் ஏர்பேக் இருக்கும். அதற்குக் குறுக்கே வயர் போகக் கூடாது. விபத்தில் அது விரியும்போது வயர் தடுக்கும். கதவு ஓரத்து ரப்பருக்குள் வயரை விடுங்கள்.

சாவியை எடுத்த பிறகும் காமிராவின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால், வண்டியை நிறுத்தும்போதெல்லாம் வயரைப் பிடுங்கிவிடவேண்டும். மறந்தால் கார் பாட்டரி இறங்கிவிடும். காரின் உள் வயரை வெட்டி இணைப்புக் கொடுக்காதீர்கள். வாரண்டி போய்விடலாம்.

தேதியையும் நேரத்தையும் முதல் நாளே சரி செய்யுங்கள். இன்னொன்று. அதிர்ச்சி ஏற்பட்டால் அந்தப் படத்தை அழிக்காமல் பூட்டிவைக்கும் வசதி இதில் உண்டு. நம் சாலைப் பள்ளங்களில் விழும் ஒவ்வொரு தடவையும் அது பூட்டிக்கொண்டே போனால், அட்டை நிறைந்துபோகும்! அதைக் குறைந்த அளவில் வையுங்கள். பேச்சுப் பதிவை நிறுத்தலாம். குடும்பச் சண்டையெல்லாம் பதிவாகவேண்டுமா?

விபத்து நடந்தால்...

அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குச் சேர்ப்பதும், போலீசுக்குச் சொல்வதும் முதல் வேலை. சட்டம் சொல்வதும் அதுதான். பிறகு அட்டையைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். படத்தை வெட்டி ஒட்டி, எல்லோருக்கும் அனுப்பாதீர்கள். 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி, இத்தகைய பதிவைக் கோர்ட்டில் கொடுக்கும்போது அதற்குரிய சான்றிதழும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். வக்கீலிடம் கேளுங்கள்.

காமிராவால் பிறருக்கும் உதவி உண்டு. அடித்துவிட்டு ஓடிய வண்டி எது என்று தெரியாவிட்டால், செத்தவர் குடும்பத்துக்கு அரசுத் திட்டத்தில் கிடைப்பது 2 லட்சம் ரூபாய்தான். பலத்த காயத்துக்கு 50 ஆயிரம். வண்டி அகப்பட்டால், இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அதைவிட அதிகமாகக் கேட்டு வழக்குப் போடலாம். எதிரே வந்த உங்கள் காரில் அந்த நம்பர் பதிந்திருந்தால், ஒரு விதவைக்குச் சோறு கிடைக்கும்.

காமிரா உங்களுக்கு மட்டும் சாட்சி அல்ல. உங்கள் மேல் தப்பு இருந்தால் அதையும் சொல்லும். ஜி.பி.எஸ். இருந்தால் உங்கள் வேகம் படத்திலேயே எழுதப்பட்டிருக்கும். அந்த எழுத்தை நிறுத்திவைக்கலாம். ஆனாலும், சாலை ஓரத்து விளக்குக் கம்பங்கள் எத்தனை விநாடிக்கு ஒன்று கடந்தன என்று எண்ணியே வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம்!