கோல் என்று கூவ ஆணுக்கு மட்டும்தான் உரிமையா?

உலகக் கோப்பை கால்பந்து வந்துவிட்டால் திருவனந்தபுரத்தின் நிறமே மாறிவிடும். ஒரு சந்தில் பிரேசிலின் மஞ்சள் கொடி. அடுத்த சந்தில் அர்ஜென்டினாவின் நீலமும் வெள்ளையும். சாலைக் கடைத்தெருவில் மூட்டை இறக்கும் தொழிலாளி முதல் ஆபீஸ் குமாஸ்தா வரை, வேலை முடிந்ததும் கால்கள் தாமாகவே டெலிவிஷன் உள்ள டீக்கடைப் பக்கம் திரும்பும். "அண்ணாச்சி, இன்னைக்கு யாரு யாரு?" என்று ஒருவர் கேட்டால், எதைப் பற்றிக் கேட்கிறார் என்று அந்த ஒரு மாதமும் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

2018-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் தேதி. இந்திய நேரப்படி மாலை 5.30 மணி. மாஸ்கோ மைதானத்தில் போர்ச்சுகலும் மொராக்கோவும் மோதின. 4-வது நிமிஷத்தில் ரொனால்டோ தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். ஆட்டத்தின் ஒரே கோல் அதுதான்.

அதே ஆட்டத்தை பிரிட்டனில் பி.பி.சி. டெலிவிஷனில் பார்த்தவர்களின் காதில் விழுந்தது ஒரு பெண்ணின் குரல். அவர் பெயர் விக்கி ஸ்பார்க்ஸ். பிரிட்டிஷ் டெலிவிஷனில் உலகக் கோப்பை ஆட்டம் ஒன்றை நேர்முக வர்ணனை செய்த முதல் பெண் அவர்.

ஆட்டம் முடிந்தது. அப்புறம் வேறொரு ஆட்டம் தொடங்கியது. ஜேசன் கண்டி என்ற முன்னாள் ஆட்டக்காரர் ஒரு டெலிவிஷன் நிகழ்ச்சியில், அவ்வளவு உச்சஸ்தாயிக் குரலை 90 நிமிஷம் கேட்கத் தனக்குப் பிடிக்கவில்லை என்றார். பரபரப்பான கட்டங்களுக்குக் கனமான குரல்தான் பொருத்தம் என்பது அவர் கட்சி. எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டார். ஆனால் அவர் சொன்ன வார்த்தையை இன்னும் பலர் மனதில் வைத்திருக்கிறார்கள். "பொம்பளை குரலில் ஃபுட்பால் கேட்டால் ஆட்டம் பார்த்த மாதிரியே இருக்காது" என்ற பேச்சை லண்டனில் மட்டுமல்ல, தம்பானூர் டீக்கடையிலும் கேட்கலாம்.

ரயில் நிலையத்தில் யார் குரல்?

குரல்தான் குறை என்றால் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். திருவனந்தபுரம் சென்ட்ரல் ஸ்டேஷனில் ஊருக்குப் போகும் தமிழன் மூட்டை முடிச்சோடு நிற்கிறான். அனந்தபுரி எக்ஸ்பிரஸ் எத்தனையாவது பிளாட்பாரத்தில் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறான். ஒலிபெருக்கியில் வருவது பெண் குரல். கூட்டம், கூச்சல், என்ஜின் சத்தம் எல்லாவற்றையும் தாண்டி அது தெளிவாகக் கேட்கிறது. "ரயிலைப் பற்றிப் பெண்ணுக்கு என்ன தெரியும்? ஆண் வந்து சொல்லட்டும்" என்று எந்தப் பயணியும் பிளாட்பாரம் மாறாமல் நின்றதில்லை.

பழைய வாசகர்களுக்கு இன்னொரு குரலும் நினைவிருக்கும். டில்லி ஆகாசவாணியின் தமிழ்ச் செய்திகளை வாசித்த சரோஜ் நாராயண்ஸ்வாமியின் குரல். 2022-இல் அவர் காலமானபோது, வெளி மாநிலங்களில் உழைக்கும் தமிழர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரை இழந்தது போல் வருந்தினார்கள். கம்பீரம் என்றால் என்ன என்பதை ரேடியோப் பெட்டி வழியே காட்டியவர் அவர். அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்த காதுகள்தான், பெண் குரலில் கனம் இல்லை என்கின்றன!

ஆண் குரல் இயற்கையாகத் தாழ்ந்தது, பெண் குரல் உயர்ந்தது என்பது உண்மைதான். ஆனால் கோல் விழுகிற நேரத்தில் எந்த ஆண் தாழ்ந்த குரலில் பேசுகிறார்? மலையாள வர்ணனையில் பெயர் பெற்ற ஷைஜு தாமோதரனை எடுத்துக்கொள்ளுங்கள். உணர்ச்சி பொங்கி, தொண்டை கிழிய அவர் கூவுவதைக் கேட்கவே தனி ரசிகர் கூட்டம் உண்டு. ஆண் கத்தினால் ஆவேசம், பெண் கத்தினால் கீச்சுக் குரல் என்பது எந்த ஊர் நியாயம்?

குரலா, அதிகாரமா?

ஆழ்ந்து பார்த்தால் வழக்கு குரலைப் பற்றியது அல்ல என்று தெரியும். திருவனந்தபுரம் குடப்பனக்குன்னு தூர்தர்ஷன் நிலையம் 1985-இல் மலையாள ஒளிபரப்பைத் தொடங்கிய காலத்திலேயே பெண்கள் செய்தி வாசித்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஏனென்றால் செய்தி வாசிப்பவர் எழுதிக் கொடுத்ததை வாசிக்கிறார். ரயில் அறிவிப்பும் அப்படித்தான்.

வர்ணனை அப்படியல்ல. அதில் தீர்ப்பும் அடங்கியிருக்கிறது. "இது ஆஃப்சைடு", "அந்தப் பந்தை இடது பக்கம் தள்ளியிருக்க வேண்டும்", "கோல்கீப்பர் முன்னால் வந்தது தப்பு" என்று சொல்ல வேண்டும். அதை ஒரு பெண் சொல்லி, ஆண்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும். உறுத்துவது அங்கேதான்.

2011 ஜனவரியில் நடந்த ஒரு சம்பவம் இதற்குச் சாட்சி. இங்கிலாந்தில் உல்வ்ஸ், லிவர்பூல் அணிகள் ஆடிய ஆட்டத்தில் கோட்டு நடுவராகக் கொடி பிடித்தவர் சியான் மாஸி என்ற பெண். மைக் அணைந்திருக்கிறது என்று நினைத்து ஸ்கை டெலிவிஷனின் ஆண்டி கிரே, ரிச்சர்ட் கீஸ் என்ற இருவர், பெண்ணுக்கு ஆஃப்சைடு விதி தெரியுமா என்று கேலி பேசினார்கள். லிவர்பூலின் ஒரு கோலுக்கு அந்தப் பெண் கொடியை உயர்த்தவில்லை. படத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோது அவர் செய்தது மிகச் சரி என்று தெரிந்தது. கேலிப் பேச்சு வெளியே கசிந்தது. கிரேக்கு வேலை போயிற்று. கீஸ் தாமே விலகினார்.

முழங்கால் பிசகியதால் வந்த வேலை

விக்கி ஸ்பார்க்ஸுக்கு முன்பே கல்லடி பட்டவர் ஜாக்கி ஓட்லி. இவரும் ஒரு காலத்தில் கால்பந்து ஆடியவர்தான். முழங்கால் சில்லு பிசகியதால் ஆட்டத்தை விட வேண்டி வந்தது. பார்த்துக்கொண்டிருந்த வேலையையும் விட்டுவிட்டு ஒலிபரப்புத் தொழிலைப் படித்தார். ஆஸ்பத்திரி ரேடியோவில் பழகினார். சிறிய மைதானங்களில் நின்று சிறிய அணிகளின் ஆட்டங்களைச் சொன்னார்.

இப்படிப் படிப்படியாக ஏறி, 2007 ஏப்ரல் 21-ஆம் தேதி பி.பி.சி.யின் புகழ்பெற்ற 'மேட்ச் ஆஃப் தி டே' நிகழ்ச்சியில் புல்ஹாம், பிளாக்பர்ன் ஆட்டத்தை வர்ணனை செய்தார். அந்த நிகழ்ச்சியில் பெண் வர்ணனை அதுவே முதல் தடவை. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே பத்திரிகைகளில் விவாதம் வந்துவிட்டது. டேவ் பாஸட் என்ற முன்னாள் மானேஜர், இதனால் நிகழ்ச்சியின் மதிப்பே கெட்டுவிடும் என்றார். ஆட்டம் 1-1 என்று சமனில் முடிந்தது. நிகழ்ச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. 2016-இல் ஓட்லிக்கு அரசு விருது கிடைத்தது.

ஜெர்மனியிலும் இதே கதைதான். 2016 ஐரோப்பியக் கோப்பையில் ஆண்கள் ஆட்டத்தை வர்ணனை செய்த கிளாடியா நாய்மன் மீது இன்டர்நெட்டில் வசைமாரி பொழிந்தது. 2018 உலகக் கோப்பையிலும் அது தொடரவே, அவர் பணிபுரியும் டெலிவிஷன் நிலையம் போலீசில் புகார் கொடுக்கும் வரை போக நேர்ந்தது. வர்ணனை பிடிக்கவில்லை என்று சொல்வது ரசிகரின் உரிமை. ஆனால் ஒரு பெண்ணைத் தரக்குறைவாகத் திட்டுவது எப்படிக் கால்பந்து ரசனை ஆகும்?

பெண்ணுக்குக் கால்பந்து தெரியாதா?

"ஆடாதவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்பது அடுத்த கேள்வி. ஆட விட்டால்தானே!

1920 டிசம்பர் 26-ஆம் தேதி லிவர்பூல் நகரத்தில் நடந்த ஒரு பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் திரண்டார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே, இந்த ஆட்டம் பெண்களுக்குப் பொருந்தாது என்று சொல்லி, தன் கீழுள்ள மைதானங்களில் பெண்கள் ஆடுவதை இங்கிலாந்து கால்பந்து சங்கம் தடுத்துவிட்டது. ஏறத்தாழ 50 ஆண்டுகள் அந்தத் தடை நீடித்தது. கதவைப் பூட்டிவிட்டு, உள்ளே வரத் தெரியவில்லை என்று குறை சொன்ன கதை இது.

நம் பக்கம் வருவோம். 2018-இல் பெண்கள் தேசிய கால்பந்துப் போட்டியில், அசைக்க முடியாதது என்று பெயர் பெற்ற மணிப்பூரைத் தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கியது தமிழ்நாடு. அந்தத் தலைமுறையின் நட்சத்திரமான இந்துமதி கதிரேசன் கடலூர்ப் பெண், தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். 2019-இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது மதுரையின் சேது அணி. அடுத்து வந்த மூன்று லீக்குகளிலும் தொடர்ந்து வென்றது கேரளத்தின் கோகுலம் அணி. திண்டுக்கல் ரூபா தேவி சர்வதேச நடுவராகவே உயர்ந்துவிட்டார். கோழிக்கோடு நடக்காவு அரசுப் பள்ளியில் பல வீராங்கனைகளை உருவாக்கிய பயிற்சியாளர் பௌசியா மாம்பற்றாவை 2021-இல் கேரளம் இழந்தது.

இத்தனை பேருக்கும் ஆஃப்சைடு தெரியாதா?

பட்டுப் புடவையும் மைக்கும்

இந்தியாவில் விளையாட்டு வர்ணனைக்குப் பெண் வருவதும் புதிதல்ல. கிரிக்கெட் மேதை சி.கே. நாயுடுவின் மகள் சந்திரா நாயுடு 1970-களின் பிற்பகுதியிலேயே மைக் பிடித்து வர்ணனை செய்தார். இந்தூரில் கல்லூரிப் பேராசிரியையாக இருந்தவர். 2021-இல் காலமானார்.

ஆனால் அவருக்குப் பின் வழி அகலவில்லை. 2003 கிரிக்கெட் உலகக் கோப்பை நிகழ்ச்சிகளைத் தொகுத்து வழங்க மந்திரா பேடி வந்தபோது, அவர் கேட்ட கேள்விகளை விட அவர் கட்டிய புடவைகளைப் பற்றித்தான் நாடு முழுவதும் பேச்சு. ஸ்டூடியோவில் அலங்காரமாக உட்கார ஒரு பெண், ஆட்டத்தைச் சொல்ல ஓர் ஆண் என்ற பாகப்பிரிவினை இன்றும் முழுதாக ஒழியவில்லை. அஞ்சும் சோப்ரா போல ஆடிக் கற்றவர்கள் கிரிக்கெட் வர்ணனைக்கு வந்த பிறகுதான் நிலைமை கொஞ்சம் மாறியது. கால்பந்து இன்னும் பின்தங்கியே நிற்கிறது.

பழக்கமும் இதற்கு ஒரு காரணம். கால்பந்து பார்க்கும் இடம் எது? டீக்கடை, கிளப், லாட்ஜ் வராந்தா. அங்கே பெண் வருவதில்லை. வீட்டிலேயே டெலிவிஷன் இருந்தாலும், ஆட்ட நேரத்தில் அவளுக்கு அடுப்படி வேலை. எல்லாச் சத்தமும் ஆண் சத்தமாகவே கேட்டுப் பழகிய காது, வேறொன்று வந்தால் திடுக்கிடுகிறது. சில பெண்களே கூட, "எனக்கும் ஆம்பிளை சொன்னால்தான் நல்லாயிருக்கு" என்று சொல்வதுண்டு. பழக்கத்தின் பலம் அப்படி.

அளவுகோல் ஒன்றே

வர்ணனையாளர் தவறு செய்யவே கூடாதா? செய்வார்கள். 22 பேரின் முகமும் முதுகு எண்ணும் மனப்பாடமாக இருக்க வேண்டும். வாயில் நுழையாத பெயர்களைப் பிசகாமல் சொல்ல வேண்டும். டெலிவிஷனில் கண்ணுக்குத் தெரிவதையே திரும்பச் சொல்லாமல், தெரியாததை எடுத்துச் சொல்ல வேண்டும். எங்கே பேசாமல் இருப்பது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இதில் தவறினால் யாராக இருந்தாலும் குறை சொல்லலாம்.

ஆனால் நடப்பது என்ன? ஓர் ஆண் பெயரை மாற்றிச் சொன்னால், "அவர் தப்பா சொல்லிட்டார்" என்று விட்டுவிடுகிறோம். ஒரு பெண் மாற்றிச் சொன்னால், "பொம்பளைங்களுக்கே தெரியாது" என்கிறோம். அவனுக்குத் தவறு ஒன்று. அவளுக்கோ ஒரு தவறு, தன் இனத்துக்கே வைக்கும் தண்டனை ஆகிவிடுகிறது.

குமரி மாவட்டம் தூத்தூரில் தொடங்கி பொழியூர், விழிஞ்ஞம், பூந்துறை, வெட்டுக்காடு வரை இந்தக் கடற்கரை முழுவதும் கால்பந்துக் கரை. இந்த ஊர்க் கோயில்களில் ஞாயிற்றுக்கிழமை மைக் முன்னால் நின்று தடுமாறாமல் வாசகம் வாசிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அதே ஊர் மைதானத்தில் உள்ளூர்ப் போட்டி நடக்கும்போது அந்த மைக்கை அவர்களில் ஒருவரிடம் ஏன் கொடுக்கக் கூடாது? ஜாக்கி ஓட்லியும் பெரிய மைதானத்தில் தொடங்கவில்லை. மலையாளமும் தமிழும் ஒருசேரப் பேசும் நம் பெண்பிள்ளைகளுக்கு இது ஒரு பொழுதுபோக்கு மட்டுமல்ல, பிழைப்புக்கும் வழி. ஒரு பக்கம் மகளைப் படிக்க வைக்கக் கடன் வாங்குகிறோம். இன்னொரு பக்கம் அவள் குரலுக்கு எங்கே இடம் இல்லை என்று நாமே எல்லை போடுகிறோம்.

கரமனையிலோ சாலையிலோ ஒற்றை அறை வீடு ஒன்றில், அடுத்த உலகக் கோப்பையின்போது, அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் ஒரு சிறுமி, "அப்பா, அது ஆஃப்சைடு" என்று சொல்லக்கூடும். "உனக்கென்ன தெரியும், போய்ப் படி" என்று சொல்ல வாய் வரும். சொல்லாதீர்கள். அவள் சொன்னது சரிதானா என்று மட்டும் பாருங்கள்.